பன்னிரண்டு பாகை

பதினொன்றில் எழுத்து தயங்கி நின்றது.
பதின்மூன்றில் விழுந்துவிட்டது.
பீல் நகர ரயிலடியின் பின்னே, மூன்றாம் மாடியில்,
நடுவிலிருந்த எண்ணை ஒப்புக்கொள்ள
எனக்கும் ரெகுலாவுக்கும் ஒரு குளிர்காலம் ஆயிற்று.

தலையில் குஞ்சமில்லை, காலில் கொலுசில்லை.
அகலம் மட்டும்
பேருந்தில் ஒன்றரை இருக்கை பிடிக்கும் ஆளைப் போல.

வட்டத்தைச் சும்மா சாய்க்க முடியாது.
கணினியிடம் விட்டால் வலத்தோள் வீங்கும்,
இடத்தோள் வற்றும்.
ஒவ்வொரு முனையாய் இழுத்துக் கோணலாக்கிய
பிறகுதான் கண் நம்பும்: வட்டம்.

பனிச்சறுக்குப் பந்தயத்தில்
நேரம் காட்டும் பலகைக்காக வரைந்தது.
நூறில் ஒரு விநாடி அதில் அழகாய் நின்றது.
பிறகு விற்றோம்; விற்றது எங்கெல்லாமோ போகும்.
ஐஸ் ஹாக்கிச் சட்டைகளின் முதுகுக்கு,
முட்டிவலிக் களிம்புக்கு,
ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் கதவில்
"இன்று விடுமுறை" என்று.

மார்ச்சில் குகதாசன் அண்ணர் வந்தார்.
பழுதான கார்களை இழுக்கும் லாரி அவருடையது.
"அந்த ஓடுற எழுத்திலதான் வேணும்.
மேல டொச், கீழ தமிழ்."

இழுவைக்கு டொச்சில் பதினைந்து எழுத்து.
கதவு முடிந்தும் சொல் முடியவில்லை.
கடைசி எழுத்தைச் சக்கரக் காப்பின்மேல் ஒட்டினோம்.

தமிழுக்கு வந்தேன். கை நின்றுவிட்டது.
அவசரமென்றால் நாம் சுழியை விழுங்குவோம்,
புள்ளியை மறப்போம்,
சாய மாட்டோம்.
'வண்டி மீட்பு' என்று எழுதிச் சாய்த்தால்
ட், மடக்கு நாற்காலி.
பு, கவிழப்போகும் வாளி.
மூன்று சுழி ண் ஏற்கெனவே அகலம்,
இன்னும் அகட்டினால் ஏரிக்குள் இறங்கும்.

புள்ளிதான் தூங்கவிடவில்லை.
நேர்மேலே வைத்தால் பின்தங்குகிறது.
பன்னிரண்டு பாகை தள்ளினால்
பக்கத்து எழுத்தின் தலையில் ஏறுகிறது.
அவர் பெயரின் கடைசி எழுத்துக்கோ
பக்கத்தில் யாருமில்லை.
தமிழ் தெரியாத ரெகுலா தள்ளி நின்று பார்த்துச் சொன்னாள்:
"அந்தப் பொட்டு மட்டும் எதையோ துரத்துகிறது."
ஏழு பாகையில் வைத்தேன்.
காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

ஒரு வாரத்தில் தொலைபேசி.
"என்ட பெடியன் அந்தக் குத்தைக் குருவி எச்சம் எண்டு
சுரண்டிப்போட்டான், பிள்ளை. இன்னொண்டு தா."

நேற்று மழையில் அந்த லாரியைப் பார்த்தேன்.
முப்பதில் போகிறது,
முதுகில் ஒரு சிவப்பு ஓப்பல், மூக்கு உயர்ந்து.
எத்தனை பாகை என்று கண் தானே அளந்தது.
முன்னிருக்கையில் ஓப்பல்காரி
நாயை மடியில் வைத்துக் கொட்டாவி விட்டாள்.
பின்னால் நீள வரிசை, ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை.
புதுப் புள்ளி இருந்த இடத்தில் இருந்தது.
சக்கரக் காப்பில் சேறு:
பதினான்கு எழுத்துதான் தெரிந்தது.