குளிர்த் தொடக்கம்

மே மாதம், காட்பாடி, இரவு இரண்டரை.
ஜன்னலுக்கு வெளியே முப்பத்தொரு டிகிரி.
திரைக்குள் ஓர் எஞ்சினைக்
குளிரிலிருந்து எழுப்பிக்கொண்டிருக்கிறேன்.
மென்பொருளுக்கு வேலூர் தெரியாது.
காற்று இருபத்தைந்து என்று தானாகவே போட்டுக்கொள்கிறது.
ஒவ்வொரு முறையும் அழித்து அடிக்கிறேன்.

எல்லாம் அந்த முதல் தொண்ணூறு விநாடியில்தான்.
எஃகுத் தகட்டில் சுருட்டிய தேனடை,
சதுர அங்குலத்துக்கு இருநூறு அறை,
சுவரில் முடியிழைக்கும் மெல்லிசாகப் பிளாட்டினம்.
இருநூற்றைம்பது டிகிரி தொடும்வரை
அது எதையும் கண்டுகொள்ளாது.
வந்த நஞ்செல்லாம் டிக்கெட் எடுக்காமல்
பின்படியில் இறங்கிப் போகும்.
சூடு ஏறியதும் செக்கிங் வந்த மாதிரி
ஒன்று விடாமல் நிறுத்தும்.

பிழைக்கோடு இறங்குகிறது,
நின்று யோசிக்கிறது, மறுபடி ஏறுகிறது.
பத்தாயிரம் சுற்று.
ஏசி சொட்டும் இடத்தில் ஒரு பக்கெட்.
தணிகாசலம் கீபோர்டில் கவிழ்ந்து தூங்குகிறான்,
கன்னத்தில் நாலைந்து எழுத்து.

மூன்று ஐம்பதுக்குக் கோடு படுத்தது.
கார்பன் மோனாக்சைடில் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு காலி.
உலுக்கிச் சொன்னேன்.
“யாருக்கு?” என்றான், தூக்கத்திலேயே.

காலையில் காகிதப்பட்டறை, சம்பங்கியின் ஷெட்.
பிரேக் கட்டை மாற்ற வண்டியை விட்டேன்.
முருகன் காலண்டருக்குக் கீழே,
கிரீஸ் டப்பாவுக்கும் ஸ்பேனர் தட்டுக்கும் நடுவே
ஊதுபத்தி ஸ்டாண்டாக நின்றுகொண்டிருந்தது
என் இரண்டரை வருஷம்.
இருநூறு அறை. எண்ண வேண்டியதில்லை.
மூன்றில் மட்டும் பத்தி.
மல்லிகைப் புகை.

“எந்த வண்டியோடது?”
“உங்களோடதுதான் மேடம்.
பொங்கலப்போ இழுக்கல இழுக்கலன்னு வந்தீங்களே.
உள்ள அடைச்சிக்கினு இருந்தது.
வெட்டிப் போட்டு வெல்டிங் வெச்சிட்டேன்.
இப்ப பிக்கப் எப்டி?”

நல்ல பிக்கப்.
காட்பாடி மேம்பாலத்தை மூன்றாம் கியரில் ஏறுகிறது என்று
நானே நாலு பேரிடம் பீற்றியிருக்கிறேன்.
நாலு மாசமாகப் பாலாற்றுப் பாலத்தில்
எனக்குப் பின்னால் வந்தவர்களை யோசித்தேன்:
ஈயப் பாத்திரம் கட்டிய மீன்காரர்,
ஸ்கூல் ஆட்டோவின் விளிம்பில்
ஒரு காலைத் தொங்கவிட்ட பையன்.
சிக்னலில் ஒருநாள் அவன் எனக்கு டாட்டா காட்டினான்.

“இதைத் திரும்ப வெச்சிக் குடுங்க.”
“வெக்கலாம். இழுக்காது மேடம்.”
கையில் வாங்கிக் கவிழ்த்தேன்.
சாம்பல் கொட்டியது.

அன்றிரவு ஐந்தாவதாக ஒரு கேஸ் சேர்த்தேன்.
பூச்சு இல்லை. சுவர் இல்லை. வினை பூஜ்யம்.
வெறும் குழாய்.
பெயர் கேட்டது; என் வண்டி நம்பரைக் கொடுத்தேன்.
பத்தாயிரம் சுற்றாகுமே என்று
டீக்கு எழுந்தேன்.
கதவைத் தொடுவதற்குள் முடிந்துவிட்டிருந்தது.
பிழை எதுவும் காட்டவில்லை.
உள்ளே போனது அத்தனையும்
கடைசி இலக்கம்வரை, அப்படியே,
வெளியே.