போயிட்டு வரேன்

அயனாவரத்தில் டயர் கடைக்கு மேலே
இரண்டாவது மாடி.
கீழே காற்றடிக்கும் கம்ப்ரஸர்
பேச்சின் நடுவில் உறுமும்.
அது ஓயும்வரை தமயந்தி மேடம் காத்திருப்பார்.
என் வாக்கியத்தின் மீதிக்காக
ஒருவர் காத்திருக்கிறார் என்பதை
நாலாவது வாரம்தான் கவனித்தேன்.

செலினுக்காகப் போவதாகச் சொல்லிக்கொண்டேன்.
'பாப்பா அழுதா இவர் பைக்கை எடுத்துடுறார் மேடம்'
என்றாள் முதல் நாளே, ரூத்தை மடியில் போட்டபடி.
பொய்யில்லை.
அப்போது ரூத்துக்கு மூன்று மாதம்.
அவள் வீறிட்டால் என் கை சாவிக்குப் போகும்.
ஓட்டேரி, புளியந்தோப்பு,
வியாசர்பாடிப் பாலத்தடியில் ஒரு டீ,
இன்னொரு டீ.
அழுகை ஓய்ந்திருக்கும் நேரம் கணக்குப் பார்த்து
திரும்புவேன், கையில் பால் பாக்கெட்டோடு,
அதற்கென்றே போனவன் மாதிரி.

'சின்ன வயசுல நீங்க அழுதா
யார் வருவாங்க?'

சிரித்தேன்.
'நான் அழவே மாட்டேனாம் மேடம். அவ்வளவு நல்ல பிள்ளை.'
அவர் சிரிக்கவில்லை.
கம்ப்ரஸர் உறுமியது. ஓய்ந்தது.

மீனம்பாக்கம். எனக்கு ஐந்து வயது.
கம்பிக்கு அந்தப் பக்கம் அப்பா,
மடிப்புக் கோடு கலையாத புதுச் சட்டையில்.
'போயிட்டு வரேன்டா.'

நம்மில் யாரும் வெறுமனே 'போறேன்' என்பதில்லை.
வாசல் தாண்டும் காலின் பின்னால்
ஒரு 'வரேன்' கட்டித்தான் அனுப்புகிறோம்.
சாவு வீட்டில் மட்டும்
சொல்லாமல் எழுந்து வருவோம்.
அப்பா சொல்லிவிட்டுத்தான் போனார், மஸ்கட்டுக்கு.
ஆறு வருடம் கழித்து வந்தவருக்கு
எனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்று தெரியாது.
நானும் சொல்லவில்லை, சாப்பிட்டேன்.

இடையில் அம்மா?
அம்மா இருந்தாள். தையல் மெஷின் இருந்தது.
அந்தச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி
அழுது பார்த்ததாக நினைவில்லை.

இதைச் சொன்னதும் ஏதாவது நடக்கும் என்றிருந்தேன்.
ஐம்பது நிமிடம் முடிந்தது, அவ்வளவுதான்.
ஆயிரத்து இருநூறு ஜிபேயில் அனுப்பினேன்.
'போயிட்டு வாங்க' என்றார்.

மே மாதம் அவருக்கு இரண்டு வாரம் லீவு.
முன்கூட்டியே சொல்லியிருந்தார், தேதியோடு.
ஆனாலும்
அவர் திரும்பிய வியாழன் நான் போகவில்லை.
மெசேஜ் வந்தது.
நீல டிக் விழட்டும் என்றே திறந்து பார்த்தேன்.
மறு வாரம் போய்
ஏசி சரியில்லை என்றேன், பார்க்கிங் இல்லை என்றேன்,
ஃபீஸ் அநியாயம் என்றேன்.
'இருக்கலாம்.
நான் போனதும் சேர்ந்து இருக்கலாம்.'
அப்போது எழுந்தது பாருங்கள் ஒரு கோபம்.
அதன் சட்டையில்
மடிப்புக் கோடு அப்படியே இருந்தது.
கத்தினேன். கீழே கடையில் ஒரு நிமிடம்
ஸ்பேனர் சத்தம் நின்றது.
அவர் நாற்காலியைப் பின்னுக்கு இழுக்கவில்லை.

நேற்றிரவு இரண்டேகால். கரண்ட் போனது.
பெரம்பூர் முழுக்க ஃபேன்கள் மெல்ல நிற்க
ரூத் வீறிட்டாள். செலினுக்குக் காய்ச்சல்.
என் கை சாவிக்குப் போனது.
வாசல்வரை போனேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்,
ஒரு கால் செருப்புக்குள் நுழைந்துவிட்டது.

அந்தச் செருப்போடேயே
அவளைத் தூக்கினேன்.
அழுகை நிற்கவில்லை. கூடியது.
என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு
இருட்டில் என் முகத்துக்கு நேரே
நாற்பது நிமிடம் அழுதாள்.
எதையும் நான் சரிசெய்யவில்லை.
கேரேஜ் பக்கம் ஒரு கூட்ஸ் வண்டி
போய் முடிய நேரமெடுத்தது.
நாங்கள் நடந்தோம், டப், என்று ஒரு காலும்
சத்தமில்லாமல் ஒரு காலுமாக.

காலையில் ஹெல்மெட்டோடு குனிந்து
'போயிட்டு வரேன், ஆறரைக்கு' என்றேன்.
ஆறு மாதக் குழந்தைக்கு ஆறரை என்றால் என்ன.
வீடு சேர ஆறே முக்கால்.
கெல்லீஸில் டிராஃபிக் என்று
அவளிடம் சொன்னேன், முதலில்.