இரண்டு சாவி

ஒன்றாம் தேதிக்குள் பள்ளி தயாராகணுமாம்,
ஆண் பெண் பாகுபாட்டுக்குப் புது விதி.
கொருக்குப்பேட்டை கேட்டில்
கூட்ஸ் போகிறவரை
புகார்ப்பெட்டி என் மடியில்,
ஷேர் ஆட்டோ முழுக்க அதையே பார்த்தது.

ஹெச்.எம். அறை வாசலில் மாட்டச் சொன்னார்கள்.
'அங்க வந்து எவ சார் போடுவா?'
ஒன்பதாம் வகுப்பு இமாகுலேட்,
இடுப்பில் கால்பந்து.
பையன்கள் ஆடி ஓய்ந்த மிச்ச வெயில்தான்
இவள் அணிக்கு மைதானம்,
அதுவும் பெருக்கிவிட்டால்.

தண்ணீர்த் தொட்டியோரம் ஆணி அடித்தேன்.
உப்புக்காற்று தின்ற சுவர்,
மூன்றாவது ஆணிதான் நின்றது.

பயிற்சிக் கூட்டத்தில்
எட்டாம் பக்கம் வாசிக்கையில்
ஜன்னலுக்கு வெளியே
தகரத்துக்குள் காகிதம் விழும் சத்தம்.
யாரும் நிமிரவில்லை.

சாவி யாரிடம் இருக்கணுமென்று
சுற்றறிக்கையில் இல்லை.
கேட்க எழுந்தேன்.
எல்லோரும் எழுந்தார்கள்,
டீக்கு.