பர்லியாரில் மண் சரிந்த இரவு

பெயரை ராமபாணம் தின்றுவிட்டது.
சிவப்பு லேபிளில் மிச்சம்
"அண்ட் ஹிஸ் ஆர்க்கெஸ்ட்ரா" மட்டும்.
யாரோ ஒருவர், அவருடைய ஆட்கள்.

வெலிங்டன் பக்கம் ஒரு பங்களா ஏலத்தில்
கதவுக் கொண்டிகளுக்காக எடுத்த பெட்டியின்
அடியில் கிடந்தது.
கொண்டி நாற்பது ரூபாய், இசைத்தட்டு இனாம்.
(சாவி கொடுக்கும் கிராமபோனை
ஒரு புது கேஸ் அடுப்புக்கு ஈடாக வாங்கினேன்.
வீட்டில் அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.)

ஐப்பசிக் கடைசி. நான்கு நாளாக மழை.
பர்லியாரில் மண் இறங்கி பஸ் நின்றது.
ஏழு மணிக்கே கரண்ட் போனது.
குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
ஷட்டரை முழுக்க இறக்காத கடை
என் அடுப்பு ரிப்பேர் கடைதான்.
குனிந்து நுழைந்தார்கள், ஒவ்வொருவராக.

கேத்தியிலிருந்து கேரட் ஏற்றி வந்த போஜன்.
மேட்டுப்பாளையத்தில் நைட் டியூட்டி இருந்த நர்ஸ் ரெஜினா,
ஈரமான வெள்ளைச் செருப்பு கையில்.
கூட்டுறவு வங்கிக் காசாளர் நமச்சிவாயம், தும்மிக்கொண்டே.
பெயர் சொல்லாத ஒரு பையன்,
போனில் நான்கு சதவீத சார்ஜைப் பார்த்தபடி.

பேச்சு தீர்ந்த பிறகுதான் சாவி கொடுத்தேன்.

முதலில் கரகரப்பு,
கடுகு விழுமுன் எண்ணெய் போடும் சத்தம்.
பிறகு எல்லாரும் ஒரே மூச்சில்,
பித்தளை, மரம், தோல்,
பதினைந்து பேராவது இருப்பார்கள்
எட்டடிக் கடைக்குள்.

நமச்சிவாயம் மிருதங்கம் பழகியவர்.
தொடையில் விரல்விட்டு எண்ணினார்.
"நாலு நாலாத்தான் போகுது...
இல்ல, உள்ள மூணா உடையுது.
சதுஸ்ரமா திஸ்ரமா, அவங்களே முடிவு பண்ணலயே!"
குற்றம் பிடித்த சந்தோஷத்தில்
"இன்னொரு தடவை போடுங்க" என்றார்.

போஜனுக்குக் கணக்கு வேண்டியிருக்கவில்லை.
ஒரு ட்ரம்பெட் தாமதமாக,
மிகவும் தாமதமாக உள்ளே வந்தபோது
அவர் வலது பாதம் தரையை மிதிக்கப் போய் நின்றது.
"பாத்தீங்களா, கொண்டை ஊசி வளைவு.
பிரேக் போட வேண்டிய எடத்துல போடல.
தள்ளிப் போடறான், தள்ளிப் போடறான்,
பள்ளம் தெரியுது,
அப்புறம் ஒடிக்கிறான்!"

மூன்றாம் தடவை ரெஜினா கையை உயர்த்தினாள்.
"யாரோ சிரிக்கறாங்க."
ஊசியைத் தூக்கிப் பின்னால் வைத்தேன்.
ஆமாம். ட்ரம்பெட் ஓய்ந்த கணத்தில்
பக்கத்து நாற்காலிக்காரன் ஒருவன்
அடக்கமாட்டாமல் சிரிக்கிறான்.
நம் கச்சேரியில் "பலே" என்று நழுவுமே, அப்படி.
இரண்டு வருடமாகக் கேட்கிறேன்,
அதைக் கீறல் என்றே நினைத்திருந்தேன்.

அதன் பிறகு அந்தச் சிரிப்புக்காகவே போட்டோம்.
ஒருமுறை சுருள்வில் தளர்ந்து
முழு ஆர்க்கெஸ்ட்ராவும் எருமையாக முனகியது.
பையன்தான் எழுந்தான்.
ஓடும்போதே சாவியைத் திருக,
சேற்றிலிருந்து வண்டி ஏறுவதுபோல
சுருதி ஏறி ஏறி
தன் இடத்துக்கு வந்தது.
போன் எப்போது அணைந்ததென்று அவன் கவனிக்கவில்லை.

பழைய பாட்டு என்று யாரும் சொல்லவில்லை.
எங்களில் ஒருவருக்கும் இதில் ஞாபகம் இல்லை.
இது புதிதாகச் சுழன்ற நாளில்
அந்த பங்களாவின் கூடத்தில்
எங்கள் ஆட்கள் யாரும் ஆடியிருக்க மாட்டார்கள்.
பின்கட்டில் தட்டு கழுவியிருக்கலாம்.
வாசித்தவர்களில் பலரும் அவர்கள் ஊரில்
பின்வாசல் வழியாகத்தான் மேடைக்குப் போனார்களாம்.
அப்படியிருந்தும் எவனோ சிரித்திருக்கிறான்,
நண்பன் வளைவை ஒடித்த அழகுக்கு.

விடிகாலை ஜேசிபி வந்து மண்ணை வழித்தது.
நமச்சிவாயம் கடைசிவரை தாளத்தை ஒப்புக்கொள்ளவில்லை,
படி இறங்கும்போது மட்டும்
கால் ஒரு அரை நொடி பிந்தி விழுந்தது.

தகர டப்பாவில் பதினொரு ஊசி மிச்சம்.
ஒரு ஊசிக்கு ஒரு தடவைதான் என்பார்கள்.
நான் மூன்று தடவை ஓட்டுகிறேன்.
தட்டு தேயும், தெரியும்.

போஜன் இறக்கிவைத்துப் போன கேரட்டை
ஒரு வாரம் தின்றோம்.