கீழ்த்தாடை, இடது, ஆறு

புகைப்பீர்களா என்றார் மருத்துவர்.
இல்லை.
நிலக்கரி அடுப்பா? வீட்டில் புறா வளர்க்கிறீர்களா?
இல்லை. இல்லை.
எக்ஸ்-ரேயை வெளிச்சப் பலகையில் செருகினார்.
வெளியே டிராப்சோனில் அன்றைக்கும் மழை.
கருங்கடலாய்க் கிடந்த என் நெஞ்சுக்குள்
வெள்ளை வெள்ளையாய்
நெத்திலிக் கூட்டம்.

என்ன வேலை என்பதைக்
கடைசியில்தான் கேட்டார்.

பல் செய்கிறேன்.

மெழுகில் வடித்து, உலையில் வார்த்து,
கோபால்ட்டும் குரோமியமும் கலந்த தொப்பியை
சுழலும் கல்லில் வைத்து
ஒரு மயிரிழை உயரம் குறைப்பேன்.
இன்னும் ஒரு மயிரிழை.
அந்த மயிரிழை எங்கே போகிறதென்று
யாரும் கேட்டதில்லை.
நானும்தான்.

முதலாளி ஷாகிரின் பட்டறை நிலவறையில்.
ஏழு மேசை, ஒரு சன்னல்.
திறந்தால் பீங்கான் மாவு பறக்குமென்று
சன்னலுக்கு ஆணி.
தூசி உறிஞ்ச ஒரு மோட்டார் உண்டு;
உண்டு என்று சொல்வதற்காக உண்டு.
மின்கட்டணத்துக்குப் பயந்து தூங்கும்,
அதிகாரி வரும் நாளில் உறுமும்.
விருந்தாளி என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம்.

வாரத்துக்கு ஒரு துணி மாஸ்க்.
வெள்ளிக்கிழமை துவைத்தால்
வாளித் தண்ணீர் பென்சில் நிறத்துக்கு மாறும்.
துன்ஜாய் அதைத் தாடியில் மாட்டிக்கொண்டு பாடுவான்.
படியேறினால் மூச்சு வாங்குகிறது என்று
முதலில் சொன்னவன் அவன்தான்.
உன் தொப்பையைக் கேள் என்று சிரித்தோம்.
போன மார்ச்சில்
அவன் மேசைக்குப் புதுப் பையன் வந்தான்.
அதே நாற்காலி. அதே கல்.
இழுப்பறையில் துன்ஜாயின்
பாதி தின்ற ஹேசல்நட் பொட்டலம் இருந்தது.
பையன் அதையும் தின்றான்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள்.
பதினெட்டு வருடம்
ஊர் வாயின் ஓட்டைகளை அடைத்தவள் நான்.
மீன் சந்தையில், மினி பஸ்ஸில், கல்யாண வீட்டில்
யாராவது சிரித்தால் போதும்,
அந்த மேல்வரிசை என்னுடையது,
அந்தச் சின்னக் கோணல்
நிஜம்போல் இருக்கட்டும் என்று நான் வைத்தது.
அவர்கள் மெல்கிறார்கள்.
மெல்லாமல் விழுங்கியது முழுக்க என்னிடம்.

எத்தனை வருடமாய் என்று
மருத்துவர் நிமிர்ந்தார்.
அப்போது பார்த்தேன்.
கீழ்த்தாடை, இடது, ஆறாவது.
நடுக்குழியில் இரட்டைக் கோடு.
இந்த ஊரில் அப்படிக் கீறுபவள் நான் மட்டுமே.
எந்த வாரம் என்றுகூட நினைவிருக்கிறது:
விருந்தாளிக்குப் பெல்ட் அறுந்த வாரம்,
துன்ஜாயும் நானும் மாறி மாறித் தும்மிய வாரம்.

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.
இருமல் முந்திக்கொண்டது.

தண்ணீர் நீட்டினார்.
இது தூசியால் வந்த வடு, அழியாது,
இனியும் சேராமல் பார்க்கலாம் என்றார்.
வேலையை விட முடியுமா?
மகன் ஓனூரின் பள்ளிக் கட்டணத்தை,
வாடகையை, முப்பத்தொன்பது வயதை
மனசுக்குள் ஒருமுறை கூட்டிப் பார்த்தேன்.

கடிக்கும்போது உயரமாய்த் தட்டுகிறதா என்று கேட்டேன்.
எது?
இடது கீழே. ஆறாவது.

நாக்கால் தடவிப் பார்த்தார்.
வெகுநேரம் தடவினார்.
இல்லை என்றார். போட்ட ஞாபகமே இல்லை,
அவ்வளவு கச்சிதம்.

எனக்குத் தெரியும் என்றேன்.

கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.
மூன்றாம் மாடி. லிஃப்ட் ஓடவில்லை.
பரவாயில்லை,
இறங்குவதுதானே.