முடிச்சின் மேல் ஒரு விரல்

கழனிவாசல் ரோட்டு மூங்கில் கடைக்காரர்
நீளத்தில் பத்து, குட்டையில் அஞ்சு சீவிக் கொடுத்தார்.
நூற்றிருபது சொன்னார். நூறு நீட்டினேன்.
"நட்சத்திரத்துக்கா? ஒத்தையாக் கட்ட முடியாது தாயி,
கூட ஆள் இருக்கா?"
இருக்கிறார்கள் என்றேன்.

இருந்தார்கள்.
ரெக்ஸ்லினுக்குப் பதினொரு வயது, அவர் மகள்.
லியோவுக்கு ஏழு, என் மகன்.
மே மாதம் செக்காலையில் கல்யாணம்.
ஜூனில் ஒரே ரேஷன் கார்டுக்கு எழுதிப் போட்டோம்,
கார்டு இன்னும் வரவில்லை.
அவள் என்னை எப்படியும் கூப்பிடுவதில்லை.
எதையாவது கொடுக்க வேண்டியிருந்தால்
"இந்தாங்க" என்பாள்.
ஏழு மாதமாய் அதுதான் என் பெயர்.

குச்சியைத் தரையில் போட்டதும் பங்கு பிரித்தார்கள்.
ஆளுக்கு அஞ்சு, ஆளுக்கு ஒரு நட்சத்திரம்,
நடுவில் சாக்பீஸ் கோடு.
கோட்டைத் தாண்டி உருண்ட நூல்கண்டுக்காக
ஒரு வழக்கு நடந்தது.
நான் அடுப்பில் மைதாப் பசை கிண்டிக்கொண்டு
தீர்ப்புச் சொல்லாமல் தப்பித்தேன்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் இல்லை.
எட்டிப் பார்த்தால்
லியோ ஒரு குச்சியைக் கால் இடுக்கில் செருகி
இன்னொன்றைத் தாடையால் அழுத்தி
பல்லால் நூலை இழுக்கிறான்.
அந்தப் பக்கம் அவள்
முட்டியால் மிதித்துக்கொண்டு கட்டுகிறாள்.
முடிச்சு விழும் நேரம் பார்த்து
முனை நழுவுகிறது.
இரண்டு கைக்கு இரண்டு குச்சி, சரி.
நூலுக்கு எந்தக் கை?

லியோதான் முதலில் கோட்டுக்கு மேல் கை நீட்டினான்.
உதவ அல்ல, கத்தரிக்கோலைத் திருட.
அவள் அந்த விரலைப் பிடித்து
முடிச்சின் மேல் வைத்துக்கொண்டாள்.
"அமுக்குடா."
அமுக்கினான்.
"இழுக்காத, என் வெரலு உள்ள இருக்கு!"
"எடுத்துராத, இன்னும் ஒரு சுத்து."
பத்து முனையும் அப்படித்தான்.
சாக்பீஸ் கோடு
அவன் டவுசருக்குக் குடி போய்விட்டது.

இரண்டு தட்டை நட்சத்திரம் தயார்.
தட்டைக்குள் பல்பு நிற்காது.
முகத்தோடு முகம் வைத்து முனைகளைச் சேர்த்துக் கட்டி
நடுவில் குட்டைக் குச்சியால் முட்டுக் கொடுக்க வேண்டும்.
ஒட்டியிருந்தால் காகிதம் கருகிவிடும்.

நான் விரித்துப் பிடித்தேன். ரெக்ஸ்லின் நுழைத்தாள்.
மூன்றாவது குச்சி தெறித்துக்
காலண்டரில் பட்டு லியோவின் உதட்டில் பட்டது.
அழலாமா என்று என்னைப் பார்த்தான்.
மறுபடி நுழைத்தோம்.
மறுபடி தெறித்தது.

"எங்கம்மா மொதல்ல ரப்பர் பேண்டு போடுவாங்க,"
என்றாள் அவள், குச்சியிடம்.

அந்த வார்த்தை இந்த வீட்டுக்குள் வந்தது
அதுதான் முதல் தடவை.
எழுந்து போய்
அடுப்படிக் குழாயில் மாட்டி வைத்திருந்த
மல்லிக்கட்டு ரப்பர், பால்கோவாப் பொட்டல ரப்பர்,
அத்தனையும் கழற்றி வந்தேன்.
"எத்தனை சுத்து போடுவாங்க?"
கொஞ்சம் யோசித்தாள்.
"மூணு."
மூணு போட்டோம். நின்றது.

சேவியர் வர ராத்திரி பத்தரை.
கானாடுகாத்தான் ஹோட்டலுக்கு
நாலாயிரம் சீரியல் பல்பு கட்டிவிட்டு
எங்களுக்கு ஒரு ஹோல்டர், பத்தடி ஒயர்.
சிவப்புக் காகிதத்தைத் தட்டிப் பார்த்தார்,
சுற்றி வந்து பார்த்தார்.
"இந்த ஒரு கால் மட்டும் ஏன் கோணலா இருக்கு?
யார் கட்டுனது?"

லியோ விரலில் காய்ந்த பசையை உரித்தான்.
நான் பசைச் சட்டியில் தண்ணீர் ஊற்றினேன்.
யாரும் யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை.
ரெக்ஸ்லின் பல்பை எடுத்து என்னிடம் நீட்டினாள்.
"இந்தாங்க."
மிச்சமான ஒரு ரப்பர் பேண்டு
அவள் மணிக்கட்டில் இருந்தது,
மூணு சுத்து.