ஆணிக்கு அடியில்

வாரத்தில் ஆறு நாள்
ஓசூர் சட்டைக் கம்பெனியில்
ஊசி பிடிக்கும் மெஷின் என் பொறுப்பு.
காலருக்குள் ஒடிந்த முனை ஒன்று கிடந்தால் போதும்,
பெல்ட் நிற்கும், சிவப்பு விளக்கு எரியும்,
நோட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

ஏழாம் நாள்
வேப்பனப்பள்ளி தாண்டி, ஆந்திர எல்லைக்குக் கொஞ்சம் முன்னால்,
தண்ணீர் வர மறந்த ஓர் ஓடைக்குள்
வேறொரு மெஷினை வீசிக்கொண்டு நடக்கிறேன்.
இது அமானுல்லாவுடையது.
பழைய இரும்பு வியாபாரி.
யாரோ கடனுக்கு ஈடாக விட்டுப்போனதாம்.
பேச்சு சுருக்கம்:
இரும்பெல்லாம் அவருக்கு, பொன் வந்தால் பாதி.

மண்ணா இது!
குவாரி லாரிகள் உதறிய நட்டு,
வெடித்து மிஞ்சிய ஒயர்,
எந்த மாடோ கழற்றிப்போட்ட லாடம்,
குவார்ட்டர் மூடி, குவார்ட்டர் மூடி, குவார்ட்டர் மூடி,
யாருடைய காய்ச்சலோ விட்டுப்போன மாத்திரைத் தாள்.
ஹெட்போனுக்குள்
மாங்காய் மண்டி ஏலம் நடக்கிறது.

ஒரு திருகு உண்டு,
இரும்பின் வாயை அடைக்க.
திருகினேன். காது குளிர்ந்தது.
இரண்டு ஞாயிறு குளிர்ந்த காதோடு நடந்து
வெறுங்கையோடு பஸ் ஏறினேன்.

அப்புறம்தான் உறைத்தது.
குப்பையை அடக்கும் அதே திருகு
குன்றிமணிப் பொன்னையும் அடக்கிவிடுகிறது.
நொய்யளவு பொன்னும்
கசங்கிய மாத்திரைத் தாளும்
ஒரே குரலில்தான் பேசுகின்றன.
குரலை வைத்துக் குலம் சொல்ல முடியாது.
தோண்டித்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாம் ஞாயிறு திருகை முழுக்கத் திறந்துவிட்டேன்.
பெரிய வட்டைக் கழற்றிக்
குழம்புக் கரண்டி அகலத்தில் சின்ன வட்டு.
ஓர் அடி மண்ணுக்கு ஒரு மூச்சு.
"திம்மக்கா, இப்படிப் போனா
குப்பம் போய்ச் சேர ரெண்டு தீபாவளி ஆகும்"
என்றார் அமானுல்லா, சாக்கைத் தோளில் மாற்றிக்கொண்டே.

வேலமரத்து வேர் அருகே ஒரு நீளமான அலறல்.
சந்தேகமே இல்லை, இரும்பு.
தோண்டினேன். விரல் நீள ஆணி.
துருவில் பாதி ஊதிப்போயிருந்தது.
அவர் அதைச் சாக்கில் போட்டு நாலடி நடந்தும்விட்டார்.

எனக்குக் கம்பெனிப் பழக்கம்.
ஊசி எடுத்த சட்டையை
மறுபடி ஒருமுறை பெல்ட்டில் விட வேண்டும்.
அந்தக் குழியிடம் இன்னொரு தடவை கேட்டேன்.

மெல்ல,
மூடிய கதவுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமுவதுபோல்
ஏதோ ஒன்று.

தட்டில் மண்ணைப் பாதியாக்கி, அதையும் பாதியாக்கி
கடைசியில் உள்ளங்கையில்
உடைத்த உளுந்து அளவு.
மினுக்கவில்லை.
சிரத்தையில்லாமல் மென்று துப்பியதுபோல் ஒரு மஞ்சள்.
நான் அதுவரை அறிந்த பொன்னெல்லாம்
பேங்கு ரசீதில் கிராமாக எழுதியதுதான்.
யாரும் இன்னும் அடகு வைக்காத பொன்னை
அன்றுதான் பார்த்தேன்.

அமானுல்லா ஒன்றும் பேசவில்லை.
சாக்கிலிருந்து அந்த ஆணியை எடுத்து
ரொம்ப நேரம் பார்த்தார்.
இத்தனை வருஷம்
அவர் எடைபோட்டு அனுப்பிய இரும்புக்கெல்லாம் அடியில்
என்னென்ன இருந்ததோ.

அன்றைய சாக்கு பதினாலு கிலோ.
உளுந்து அரை கிராமுக்குக் கீழே.
பாதிப் பங்கை எப்படி வெட்டுவது?
"உங்கிட்டயே இருக்கட்டும், அடுத்த வாரம் பாப்போம்."

திங்கட்கிழமை.
உளுந்து முந்தானை முடிச்சில்.
சூப்பர்வைசர் டீக்குப் போன நேரம்.
நீலச் சட்டை ஒன்றின் பைக்குள் அதைப் போட்டு
பெல்ட்டில் விட்டேன்.

மெஷின் வாய் திறக்கவில்லை.
பச்சை விளக்கு.
இரும்பைத் தவிர வேறெதுவும் தெரியாமல் வளர்ந்த மெஷின்.
சட்டை அந்தப் பக்கம் நகர்ந்து
மடிப்பு மேசையை நெருங்கிக்கொண்டிருந்தது,

நான் ஓடினேன்.